சுட்டீனின் தோலுரித்த மாடும் வெள்ளவத்தைப் பாரை மீனும்

கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸில் ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடுதான் இன்றைய சபுமல் பவுண்டேஷன். 1943இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர் கூட்டமான 43 குழுவின் ஓவியங்களைக் கிட்ட நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. பார்த்துவிட்டு வருபவர்கள் வழக்கமாகச் சொல்வது, "பிரெஞ்சுப் பாதிப்பு நல்லாத் தெரியுது." கூடவே மட்டீஸ், செசான், பிக்காசோ என்று பெயர்களும் வரும். பெயர்களில் பிழையில்லை. ஆனால் பாரிஸில் பீரிஸுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர் அல்லர். அவர் ரொபர்ட் ஃபால்க். 1886இல் மொஸ்கோவில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து, 1928இல் பாரிஸுக்கு வந்து, ஏறக்குறைய பத்து வருடம் அங்கே வரைந்தவர். அதற்கு முன் லண்டனில் பீரிஸ் படித்த ரோயல் கொலேஜ் ஒஃப் ஆர்ட்டின் அதிபராக இருந்தவர் வில்லியம் ரோதென்ஸ்டைன். அவருடைய தகப்பனார் கம்பளி வியாபாரத்துக்காக ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட்டுக்கு வந்த யூதர்.

அதாவது ஐரோப்பிய நவீன ஓவியம் கொழும்புக்கு வந்த வழிகளில் ஒன்று, ஐரோப்பாவுக்குள்ளேயே குடிபெயர்ந்தவர்களின் வழி. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தச் சுவர்களில் இருக்கும் படங்களை வாசிக்கும் விதம் மாறும். யார் யாரைப் பார்த்து வரைந்தார் என்று தேடுவதை விட்டுவிட்டு, பெயின்ட் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கத் தொடங்குவோம். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியதுதான்.

ரோதென்ஸ்டைனைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1910 ஜனவரியில் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில், புத்தர் சிலையொன்றைக் கொழுப்புச் சேர்த்து அவித்த புடிங்கோடு ஒப்பிட்டார் ஜோர்ஜ் பேர்ட்வுட் என்ற ஆங்கிலேய அதிகாரி. அதற்கு மறுப்பாக அதே ஆண்டு இந்தியக் கலைக்கான இந்தியா சொசைட்டி தோன்றியது. அதை உருவாக்கியவர்களில் ரோதென்ஸ்டைனும் ஒருவர், கொழும்பில் பிறந்த நம் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமியும் ஒருவர். அதே காலத்தில் லண்டனில் ஜேக்கப் எப்ஸ்டைன் என்ற சிற்பி, களிமண்ணில் செய்து வார்க்கும் பள்ளிக்கூட முறையை ஒதுக்கிவிட்டு நேரே கல்லில் உளி வைத்துக்கொண்டிருந்தார். நியூயோர்க்கில், போலந்திலிருந்து வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். பாரிஸில் ஒஸ்கார் வைல்டின் கல்லறைக்கு அவர் செதுக்கிய பறக்கும் உருவம் ஏறக்குறைய 20 தொன் எடையுள்ள ஒரே கல்லில் தொடங்கியது. குமாரசுவாமியின் பெயரை நாங்கள் நடராஜரோடு மட்டும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். ஐரோப்பிய நவீன சிற்பம் உருவான அறையிலும் அவருக்கு ஒரு கதிரை இருந்தது.

இனி பாரிஸ். ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மேற்கு எல்லையோரம் ஒதுக்கப்பட்ட பிரதேசத்தில்தான் குடியிருக்கலாம்; தலைநகரில் தங்க விசேட அனுமதி வேண்டும்; உயர்கல்வியில் அவர்களுக்கு வீதாசாரக் கட்டுப்பாடு. சேர்த்துக்கொண்ட இடங்கள் சில: வில்னாவில் இருந்த சித்திரப் பள்ளி, வித்தெப்ஸ்கில் யெஹுதா பென் நடத்திய பள்ளி. மார்க் ஷகாலுக்கு முதல் பாடம் சொன்னவர் பென். வில்னாவில் படித்த கிக்கொயின், கிரெமென், சுட்டீன் என்ற இளம் ஓவியர் மூவரும் 1912, 1913 அளவில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள். போன இடம் 15ஆம் வட்டாரத்து 'லா ரூஷ்'. தேன்கூடு என்று பொருள். 1900ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சியின் வைன் மண்டபத்து இரும்புச் சட்டகத்தை வாங்கிக் கொண்டுவந்து, அல்ஃபிரெட் பூஷே என்ற சிற்பி 1902இல் எழுப்பிய வட்டக் கட்டடம் அது. வட்டத்தை வெட்டிய துண்டுகள் என்பதால் ஒவ்வொரு அறையும் ஒரு பக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்று, சவப்பெட்டி போல இருக்கும். அகன்ற பக்கத்தில் பெரிய யன்னல். வாடகை மிகக் குறைவு. பக்கத்திலேயே வோஜிரார் மாட்டிறைச்சிக் கூடம். இரவில் மாடுகள் கத்துவது அறைக்குள் கேட்கும்.

இவர்களைப் பற்றி எழுதும்போது, "யூத மதம் உருவம் வரைவதைத் தடுத்தது, அந்தத் தடை உடைந்ததால் கலை பீறிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது அரைகுறையான விளக்கம். கிழக்கு ஐரோப்பாவின் மரத்தாலான தொழுகைக்கூடங்களின் கூரையில் சிங்கமும் மானும் பறவையும் நிறைந்திருந்தன. கல்லறைக் கற்களிலும் அப்படியே. இல்லாமல் இருந்தது மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய எண்ணெய் ஓவியம்தான். பிரெஞ்சு மாணவனுக்கு அது தாத்தாவின் சொத்து. இவர்களுக்கு அது லூவர் மியூசியத்தில் வரிசையில் நின்று, கண்ணால் கழற்றிப் பூட்டிப் பார்க்க வேண்டிய ஒரு இயந்திரம். கழற்றியவர்கள் ஆளுக்கொரு பாகத்தைக் கையில் எடுத்தார்கள். அதனால்தான் இவர்களுக்கு ஒரே பாணி கிடையாது. லிவோர்னோவிலிருந்து 1906இல் வந்த மொடிக்லியானி எடுத்தது கோடு: பெயின்ட் மெல்லிசு, கழுத்து நீளம், முகத்தின் ஓரம் உளியால் இழுத்தது போல் ஒரே வீச்சு. அவர் சில வருடம் சுண்ணாம்புக் கல்லில் தலைகள் செதுக்கியதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று விளங்கும். பல்கேரியாவிலிருந்து வந்த பாஸ்கின், எண்ணெய் பெயின்ட்டை நீர்வண்ணம் அளவுக்குக் கரைத்து, அடியில் உள்ள கரிக்கோடு தெரிய விட்டார். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதியது என்று சொல்லவே முடியாது.

இன்றைய உக்ரைனில் பிறந்த சோனியா தெலோனே எடுத்தது துணி. 1911இல் மகன் பிறந்ததும் தொட்டிலுக்கு ஒரு போர்வை தைத்தார். 109க்கு 81 சென்ரிமீற்றர், வெட்டுத் துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டது. ரஷ்யக் கிராமத்து வீடுகளில் கண்ட வேலை அது. துணியில் ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் குழைக்க முடியாது. ஓரம் ஓரமாகத்தான் இருக்கும். ஆக வெளிச்சம், ஆழம் எல்லாவற்றையும் எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு என்பதாலேயே காட்ட வேண்டும். செம்மஞ்சளை நீலத்தின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் எரியும். அதே செம்மஞ்சளைச் சிவப்பின் பக்கத்தில் வைத்தால் அடங்கிப்போகும். செவ்ரெல் என்ற வேதியியலாளர் 1839இலேயே எழுதிய விதி அது, இங்கே ஊசியால் நிரூபிக்கப்பட்டது. அந்தப் போர்வை இன்று பாரிஸ் தேசிய நவீனகலை மியூசியத்தின் சொத்து. தையற்கடையில் எறியும் துண்டுகளில் இருபதைக் கேட்டு வாங்கி, தரையில் பரப்பி ஒரு மணித்தியாலம் இடம் மாற்றிப் பாருங்கள். நிறக்கோட்பாட்டுப் புத்தகம் ஒரு மாதத்தில் சொல்லித்தருவது அந்த ஒரு மணித்தியாலத்தில் கைக்கு வந்துவிடும்.

ஷகாலின் பறக்கும் காதலர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் அவர்களை விட்டுவிடுகிறேன். குறைவாகப் பேசப்படுவது அவருடைய கண்ணாடி. ஜெருசலேம் ஹதாஸா ஆஸ்பத்திரித் தொழுகைக்கூடத்துக்கு 1962இல் முடித்த 12 யன்னல்கள். சாதாரண வர்ணக் கண்ணாடி யன்னலில் நிறம் மாறும் இடமெல்லாம் ஈயப்பட்டி ஓடும். ஷகாலின் நிறமோ ஒரே உருவத்துக்குள் மூன்று தடவை மாறும். அப்படியே செய்திருந்தால் படம் முழுக்கக் கறுப்புக் கம்பிவலை ஆகியிருக்கும். பிரான்ஸின் ரெய்ம்ஸ் நகரப் பட்டறையில் சார்ல்ஸ் மார்க் என்ற கண்ணாடிக் கைவினைஞர், கண்ணாடியின் மேல் மெல்லிய நிறப்படலம் ஏற்றும் ஒரு முறையைக் கண்டுபிடித்ததால், ஈயம் இல்லாத ஒரே துண்டில் மூன்று நிறம் வரை வைக்க முடிந்தது. படங்களில் அந்த யன்னல்களைப் பார்க்கும்போது ஈயக் கோடுகளை மட்டும் பின்தொடருங்கள். அவை நிறத்தின் எல்லையில் ஓடவில்லை என்பது தெரியும்.

இப்படி வந்தவர்களின் தொகை கூடக்கூட, 1924இல் பாரிஸின் சுயாதீன ஓவியர் கண்காட்சியில் படங்களை நாட்டுவாரியாகத் தொங்கவிட வேண்டும் என்ற முடிவு வந்தது. வெளிநாட்டார் ஒரு பக்கம், பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கம். அடுத்த வருடம் அந்திரே வார்னோ என்ற விமர்சகர் இவர்களை 'பாரிஸ் பள்ளி' என்று எழுதினார், மதிப்போடு. பெயர் நிலைத்தது. ஆனாலும் பள்ளிக்கூடமே இல்லாத, ஒருவர்போல் ஒருவர் வரையாத ஆட்களை ஒரே பெயருக்குள் போட்டதற்கு அடியில் அந்த வேலியும் இருக்கிறது. படத்தைப் பார்க்குமுன் ஆள் எந்தச் சமூகம் என்று கேட்கும் பழக்கம் எங்களுக்கும் புதிதல்ல.

இப்போது சுட்டீன். பெலாருஸில் மின்ஸ்க் பக்கத்துச் சிமிலோவிச்சி கிராமத்தில், பதினொரு பிள்ளைகளில் பத்தாவதாக, 1893இல் பிறந்தவர். 1922-23 குளிர்காலத்தில் அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளரான அல்பேர்ட் பார்ன்ஸ் அவருடைய ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களை ஒரேயடியாக வாங்கும்வரை சாப்பாட்டுக்கே வழியில்லை. காசு வந்ததும் அவர் செய்த வேலை 1925 அளவில் பெரிய ஸ்டூடியோ ஒன்று எடுத்து, இறைச்சிக் கூடத்திலிருந்து முழு மாட்டை வாங்கித் தொங்கவிட்டது. லூவரில் இருக்கும் ரெம்பிரான்ட்டின் 1655ஆம் ஆண்டு மாட்டுப் படத்தோடு நேருக்கு நேர் நிற்கத்தான். ரெம்பிரான்ட்டின் படம் ஒரு மீற்றர் உயரம்கூட இல்லை. கிரெனோபிள் மியூசியத்தில் இருக்கும் சுட்டீனின் படம் 2 மீற்றர். ஆள் உயரத்துக்கும் மேல்.

சுட்டீன் கண் முன்னே பொருள் இல்லாமல் வரையவே மாட்டார். நினைவிலிருந்து ஒரு தீற்றல்கூட இல்லை. அங்கேதான் சிக்கல். இறைச்சியின் சிவப்பு காற்றில் பட்டால் நிற்காது. குருதியிலும் தசையிலும் உள்ள இரும்பு ஒட்சியேற்றம் அடைந்து, சில மணித்தியாலத்தில் மண்ணிறமாகும், மேற்பரப்பு காய்ந்து மங்கும். அதனால் இறைச்சிக் கூடத்திலிருந்து வாளியில் இரத்தம் கொண்டுவரச் செய்து மாட்டின் மேல் ஊற்றி ஊற்றி வரைந்தார். நாற்றம் தாங்காமல் அயலவர்கள் முறைப்பட்டு, சுகாதார அதிகாரிகள் வந்த கதை பிரசித்தம். கதையாக மட்டும் அதைச் சொல்லிச் சிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நிறம் ஓடிப்போகுமுன் பிடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் அந்தத் தீற்றல்களின் வேகம். படத்தில் அது அப்படியே தெரிகிறது. இன்னொரு பழக்கம்: பழைய சாமான் சந்தையில் 17ஆம், 18ஆம் நூற்றாண்டுப் படங்களை வாங்கி, பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு அதன் மேல் வரைவார். பழைய தளம் இறுகி வழுவழுப்பாக இருப்பதால் தூரிகை வழுக்கிக்கொண்டு ஓடும். புதுக் கன்வஸ் எண்ணெயைக் குடித்து இழுவையை நிறுத்திவிடும்.

எங்கள் வீட்டில் மாட்டைத் தொங்கவிட முடியாது. மீன் போதும். சுட்டீனும் 1916 அளவில் தட்டில் கிடக்கும் மீன்களை, இரண்டு முள்ளுக்கரண்டிகள் கை நீட்டுவது போல வரைந்தவர்தான். மீன் என்றால் 43 குழுவின் ஜஸ்டின் தெரணியகலையும் நினைவுக்கு வருவார். 1956 வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில் அவருக்கு யுனெஸ்கோ பரிசு வாங்கிக் கொடுத்த படத்தின் பெயரே 'மீன்'.

காலை ஏழு மணிக்குள் வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு கிலோ அளவில் பாரை வாங்குங்கள். வெட்டக் கொடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் சிவப்புப் பூ தெரியும்படி செவுளை விரித்துவிடச் சொல்லுங்கள். ஐஸ் மேல் ஈரத்துணி, அதன் மேல் மீன். நேரே ஐஸில் வைத்தால் தோல் வெளிறும். கொழும்புச் சூட்டில் செவுளின் சிவப்புத்தான் முதலில் போகும், பிறகு கண், கடைசியாக வெள்ளி. ஆகவே அந்த ஒழுங்கிலேயே வரையுங்கள். முழு உருவத்தையும் கோடு போட்டு முடித்துவிட்டுச் செவுளுக்கு வருபவர்களுக்கு மிஞ்சுவது மண்ணிறம்.

பலகை 12க்கு 16 அங்குலம், பிளைவூட் நல்லது. கன்வஸ் ஈரப்பதனில் தொய்ந்து இறுகும்போது தடித்த பெயின்ட் வெடிக்கும். தெற்கு மேற்குப் பருவமழைக் காலத்தில் இது இன்னும் மோசம். மிருகப் பசை பூச வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி ஊதும், பூஞ்சணமும் பிடிக்கும். அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி, கடைசிப் பூச்சை மெல்லிய மணற்தாளால் நன்றாக வழித்தால் சுட்டீன் தேடிய வழுக்கல் ஓரளவுக்குக் கிடைக்கும்.

பெயின்ட் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இந்தப் பரப்பு முழுக்க 2 மில்லிமீற்றர் தடிப்பில் பூச 250 மில்லிலீற்றர் வேண்டும். 37 மில்லி டியூப் ஏழு! அதனால் தடிப்பு மீனில் மட்டும், அதுவும் செவுள், வயிறு, வெள்ளி மின்னும் இடங்களில் மட்டும். பின்னணி, பிளேன்டீ போல டர்பன்டைனில் கரைத்த பர்ன்ட் சியென்னாவும் அல்ட்ராமரீனும். அதைவிட நீர்த்தால் நிறத்தூளைப் பிடித்து வைக்க எண்ணெய் இல்லாமல், காய்ந்தபின் விரலில் ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளை வாங்கும்போது டியூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ. 4 துத்தநாகம். டைட்டானியம் என்று பெயர் போட்ட டியூப்பிலும் இரண்டும் கலந்திருப்பதுண்டு. துத்தநாக வெள்ளை சில வருடத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்குப் போய், மேலுள்ள பெயின்ட்டோடு சேர்ந்து தகடு தகடாகக் கழரும்.

இரத்தச் சிவப்பு சிவப்பால் வராது. செவுளில் கட்மியம் சிவப்பை வைத்து, அதன் ஓரத்தில் விரிடியன் பச்சையை ஒரு மெல்லிய கோடாக ஈரத்தோடேயே இழுங்கள். குழைக்காமல், தொட்டுவிட்டு எடுத்துவிடுங்கள். சோனியாவின் போர்வையில் நடந்தது இங்கேயும் நடக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு தூரிகை. சுட்டீன் அப்படித்தான் வரைவார். ஒரே தூரிகையைக் கழுவிக் கழுவிப் பாவித்தால் மூன்றாவது தீற்றலிலேயே எல்லாம் சாம்பலாகிவிடும், டர்பன்டைன் ஊறிப் பெயின்ட்டும் இளகிவிடும். பன்றிமயிர்த் தூரிகை ஐந்து போதும்.

காய்வது இன்னொரு பாடம். எண்ணெய் பெயின்ட் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றின் ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. ஆகவே மேலே தோல் கட்டும், உள்ளே மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். பளபளப்புக்காக ஆளிவிதை எண்ணெயைக் கூட்டினால் அந்தத் தோல் கிழவியின் கை போலச் சுருங்கும். அம்பர் என்ற மண்ணிறம் வேகமாக இறுகும், கட்மியம் மெதுவாக. கட்மியத்தின் மேல் அம்பர் வைத்தால் கீழே அசைவும் மேலே இறுக்கமும் சேர்ந்து வெடிப்பு வரும். எண்ணெய் துடைத்த பழந்துணிகளைச் சுருட்டிக் கூடைக்குள் போடக்கூடாது. இறுகும்போது வெளிவரும் வெப்பம் சுருளுக்குள் அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் உள்ள மூடித் தகரத்தில் போடுங்கள்.

ஒரு படத்தை இப்படி முடித்தபின் லண்டன் ஓவியர்களைப் பார்த்தால் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கைக்கே தெரியும். போலந்து யூதக் குடியேறிகளின் மகனான டேவிட் பொம்பெர்க், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரோ பொலிடெக்னிக்கில் மாலை வகுப்பு எடுத்தார். அங்கே வந்த இருவர், பெர்லினிலிருந்து 1939இல் குழந்தையாக அனுப்பப்பட்ட ஃபிராங்க் அவுவர்பாக்கும் லண்டனில் பிறந்த லியோன் கொஸொஃபும். இருவரும் பெயின்ட்டை விரல் தடிப்புக்கு ஏற்றுவார்கள். அவுவர்பாக் அன்றைய வேலை சரிவராவிட்டால் முழுவதையும் சுரண்டிவிட்டு மறுநாள் திரும்பத் தொடங்குவார். ஒரே முகம், மாதக்கணக்கில்.

சுட்டீனுக்கு முதுமை கிடைக்கவில்லை. நாஜி ஆக்கிரமிப்பின்போது கிராமங்களில் ஒளிந்திருந்தார். குடற்புண் வெடித்ததும், சோதனைச் சாவடிகளைத் தவிர்க்க, பிரேத வாகனத்தில் படுக்கவைத்துச் சுற்றுவழியாகப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாளுக்கு மேல் எடுத்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு, 1943 ஓகஸ்ட் 9ஆம் தேதி இறந்தார். அதே ஓகஸ்டில்தான் கொழும்பில் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டின் வீட்டில் கூடி 43 குழுவைத் தொடங்கினார்கள். ஃபால்க்கிடம் படித்த ஹரி பீரிஸ் அதன் செயலாளர்.

பாரை மீன் படத்தைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடாதீர்கள். பின்னால் இரண்டு மூலையிலும் தக்கை வெட்டி ஒட்டினால் காற்றுப் போகும், பூஞ்சணம் பிடிக்காது. பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தால் ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளாகும். 2 மில்லிமீற்றர் உள்ள இடத்துக்கு வார்னிஷ் பூச ஒரு வருடம் பொறுக்க வேண்டும். அதுவரை தூசு தட்ட உலர்ந்த மெல்லிய தூரிகை மட்டும்.